அந்தப் படிவத்தில் என்ன எழுதுவது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுடையவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பென்ஷன் பற்றிக் கேட்டிருக்கும் பெரியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். காத்திருந்து பழகியவர்கள்தானே நாம்.

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. எச்.ஆரில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். ‘அடுத்த 5 ஆண்டுகளில் உங்கள் இலக்கு என்ன?’ என்று அதில் ஒரு கட்டம். என்னோடு சேர்ந்த இருவரும் ‘மேனேஜர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து இந்தத் துறையில் இருப்பேனா என்றே எனக்குத் தெரியவில்லை. பொய் எழுதவும் மனம் வரவில்லை. என்ன எழுதட்டும்?
— வாசகர், சூலூர்

பதில்: தம்பி, நாலு மாத அனுபவத்துக்கு ‘தெரியவில்லை’ என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அதை அப்படியே எழுதிக் கொடுத்தால் வேலையில் பிடிப்பில்லாத பையன் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். வேறு மாதிரி எழுதலாம். அதற்கு முன்னால் ‘மேனேஜர்’ என்று எழுதுவதில் எனக்கு என்ன மனத்தாங்கல் என்று சொல்லிவிடுகிறேன்.

1984ல் டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்துவிட்டு, சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். மாதம் 480 ரூபாய். ஷிப்ட் இன்சார்ஜ் ஆக வேண்டும், அதுதான் அன்றைக்கு என் இலக்கு. கூடப் படித்த பையன்கள் மூன்று நாலு வருடத்தில் ஆகிவிட்டார்கள். நான் ஆகவில்லை. இரவு 7 மணிக்கு மேல் காலை 6 மணிக்குள் பெண்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்று 1948ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 66வது பிரிவு சொன்னது. மில்லுக்கு மூன்று ஷிப்ட். ராத்திரி ஷிப்ட் பார்க்க முடியாதவளை யார் இன்சார்ஜ் ஆக்குவார்கள்? அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000ல் சொன்னது. அப்போது எனக்கு 36 வயது, மகள் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் அந்தப் பதவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பதினாறு வருடமும் வெறும் வயிற்றெரிச்சலில் போயிருக்கும்.

என்னைக் காப்பாற்றியது ஒரு கோடு போட்ட நோட்டு. லேபில் தினமும் நூல் கவுண்ட் பார்ப்போம். நூலின் பருமனைச் சொல்கிற எண் அது; எண் கூடினால் நூல் மெலிவு. ஒன்றரை கஜம் சுற்றளவுள்ள ரீலில் 80 சுற்று சுற்றினால் 120 கஜம், அது ஒரு லீ. அதை எடை போட்டு, 64.8ஐ அந்தக் கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் லீ 1.62 கிராம் இருக்க வேண்டும். சேர்ந்து ஒரு வருடம் இதைத்தான் செய்தேன். சுற்று, எடை போடு, வகு, எழுது. மாடு செக்கு சுற்றுகிற மாதிரி.

மில் ரெஜிஸ்டரில் எழுதுவது போக, என் நோட்டிலும் தனியாக எழுதி வைப்பேன். மூன்றாவது மாதம் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. திங்கட்கிழமை காலையில் மட்டும் லீ 1.58, 1.59 என்று வருகிறது. கவுண்ட் 41. நூல் மெலிந்துவிட்டது என்று மாஸ்டர் உடனே மெஷினில் நூலின் பருமனைத் தீர்மானிக்கிற பல்சக்கரத்தை, பினியனை, மாற்றச் சொல்வார். செவ்வாய்க்கிழமை பார்த்தால் நூல் தடித்திருக்கும். மறுபடி பழைய பினியன். வாரா வாரம் இதே கூத்து.

ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. ஈரப்பதம் கொடுக்கிற பிளான்ட்டையும் நிறுத்திவிடுவார்கள். பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிற பொருள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்து கிடந்தால் எடை குறையத்தான் செய்யும். நூல் மெலியவே இல்லை, காய்ந்திருந்தது, அவ்வளவுதான். எட்டு வாரக் கணக்கை ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு மாஸ்டர் அறைக்குப் போனேன். உள்ளங்கையெல்லாம் வேர்வை. அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இனிமே திங்கக்கிழமை மத்தியானத்துக்கு மேல கவுண்ட் பாரு” என்றார். பாராட்டெல்லாம் இல்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நூலில் ஏதாவது பிரச்சினை என்றால் “அந்தப் புள்ளையக் கூப்பிடு” என்று ஆள் அனுப்ப ஆரம்பித்தார். ஷிப்ட் இன்சார்ஜ் ஆகாமலே, ஓய்வு பெறும்போது தரக்கட்டுப்பாட்டுத் துறை முழுவதையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருவோம். மேனேஜர் நாற்காலி காலியாவது உங்கள் கையில் இல்லை. பம்ப் தெரிந்துகொள்வது உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் ஃபேக்டரியில் டெஸ்ட் பெட் இருக்கும். டெலிவரி வால்வை மெதுவாக மூடிக்கொண்டே வந்து, ஒவ்வொரு நிலையிலும் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) எவ்வளவு, டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீர்) எவ்வளவு, மோட்டார் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று குறிப்பார்களே, அந்த இடம். இப்போது அங்கே நீங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆறு மாதத்தில், யார் துணையும் இல்லாமல் ஒரு பம்பை ஏற்றி, டெஸ்ட் செய்து, கர்வ் வரைந்து, இது தேறுமா தேறாதா என்று கையெழுத்துப் போடுகிற அளவுக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். விநாடிக்கு 5 லிட்டர், 30 மீட்டர் ஹெட் என்றால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி ஏறக்குறைய 1.47 கிலோவாட். மோட்டார் 3 கிலோவாட் இழுத்தால் பாதிக்கு மேல் எங்கோ வீணாகிறது. எங்கே என்று கேட்டுக்கொண்டே போனால் இம்பெல்லர் வார்ப்பு, பேரிங், வைண்டிங் என்று ஃபேக்டரி முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும். அதுவே உங்கள் இரண்டாம் வருடத்துக்குப் போதும்.

ஐந்தாம் வருடத்துக்கு ‘டிசைன் அல்லது புரொடக்‌ஷன், இரண்டில் ஒன்றில் ஒரு பொறுப்பைத் தனியாக எடுத்துச் செய்வது, எது என்பதை இரண்டாம் வருட முடிவில் தீர்மானிப்பேன்’ என்று எழுதுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை. எச்.ஆருக்கும் திருப்தியாக இருக்கும். நாளைக்குத் துறையே மாறினாலும், அளந்து பார்த்துக் காரணம் தேடுகிற பழக்கம் கூடவே வரும்.

அப்புறம், அந்தப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் எச்.ஆரில் அதைத் தேடினால் கிடைக்காது.

கேள்வி: திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் அசிஸ்டென்டாக இருக்கிறேன். சேர்ந்து எட்டு மாதம். சம்பளம் 14,000. வேறு கம்பெனியில் 16,000 தருகிறேன் என்கிறார்கள். இங்கே நாள் முழுக்க சாம்பிள் எங்கே, லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துண்டு) எங்கே என்று ஃபோன் செய்வதுதான் வேலை. மாறிவிடலாமா?
— வாசகி, அவிநாசி

பதில்: அம்மிணி, அந்தக் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டீர்களா? கடிதத்தில் சம்பளம் இருக்கிறது, வேலையைக் காணோம். அங்கேயும் ஃபோன் செய்கிற வேலைதான் என்றால், 2,000 ரூபாய்க்காக அதே நாற்காலியைத் தூக்கி வேறு கட்டடத்தில் போட்டுக்கொள்கிறீர்கள். பஸ் செலவு கூடினால் அதிலும் கொஞ்சம் போய்விடும். விலைக் கணக்குப் போடுகிற காஸ்டிங் பக்கம் உட்கார வைக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் போங்கள்.

மெர்ச்சண்டைசிங்கில் காஸ்டிங் தெரிந்தவருக்குத்தான் மரியாதை. ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு துணி போகும், நூல் விலை கிலோவுக்கு இவ்வளவு ஏறினால் பீஸுக்கு எவ்வளவு ஏறும், பையர் பத்து சென்ட் குறைக்கச் சொன்னால் எதில் கை வைப்பது, இதையெல்லாம் கால்குலேட்டரைத் தட்டியபடியே சொல்லத் தெரிய வேண்டும். இப்போது இருக்கும் இடத்திலேயே ஆரம்பிக்கலாம். ஜி.எஸ்.எம். கட்டர் உங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கும். வட்டமாக வெட்டுமே, அந்தத் துண்டு 100 சதுர செ.மீ. அதன் கிராம் எடையை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. சாம்பிள் வரும்போதெல்லாம் வெட்டி எடை போட்டு, உங்கள் கணக்குப்படி என்ன விலை வரும் என்று எழுதி வையுங்கள். பிறகு கம்பெனி கொடுத்த விலையோடு ஒத்துப் பாருங்கள். முதலில் கன்னாபின்னாவென்று தப்பும். நாலு மாதத்தில் கிட்டே வந்துவிடுவீர்கள். வந்தபிறகு வெளியே கேட்டால் 16,000 பற்றிப் பேச்சே இருக்காது.

மாறுவதாக முடிவு செய்தால் ஒன்றில் கவனம். பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம். உங்கள் யு.ஏ.என். நம்பர் எத்தனை கம்பெனி மாறினாலும் ஒன்றுதான். பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றச் சொல்லுங்கள். ஐந்து வருடம் முடியும் முன் எடுத்தால் வரி வரும். மாற்றிக்கொண்டே போனால் பழைய கம்பெனியில் இருந்த காலமும் அந்த ஐந்தில் சேரும். என் தங்கை இரண்டு தடவை எடுத்தாள். இரண்டு தடவையும் அது புடவையாகிவிட்டது.

கேள்வி: டிப்ளமோ முடித்து ஒரு டெஸ்டிங் லேபில் வேலை. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. இந்த நேரத்தில் வேலையில் இலக்கு அது இது என்று வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறதா அக்கா?
— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: இருக்கிறது கண்ணு. ஓசூரில் இல்லாத தொழிற்சாலையா, லேபா? தைக்கு முன்னால் இரண்டு காரியம் முடித்துவிடுங்கள். ஒன்று, நீங்கள் என்னென்ன டெஸ்ட் தனியாகச் செய்வீர்கள் என்று குறிப்பிட்டு, கம்பெனி லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்றிதழ். ‘நல்ல நடத்தை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், அதை வைத்து யாரும் வேலை தர மாட்டார்கள். இரண்டு, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்பதை மாப்பிள்ளையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அம்மா மூலமாக, அத்தை மூலமாகப் போனால் சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று ஆகிவிடும். நான் 1987ல் அம்மாவை நம்பி விட்டேன். ‘கொஞ்ச நாளைக்குப் போவாள்’ என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் கொஞ்ச நாளைச் சரிசெய்ய எனக்கு நாலு வருடம் ஆயிற்று.

கேள்வி: மகன் பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறான். குரூப் 4 எழுதி அரசு வேலைக்குப் போகச் சொல்கிறேன். அவனுக்கு விருப்பமில்லை. இலக்கே இல்லாமல் இருக்கிறானே என்று கவலையாக இருக்கிறது.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், தாராபுரம்

பதில்: ஐயா, அவருக்கு இலக்கு இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உங்கள் இலக்கு அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

அரசு வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குரூப் 4 சும்மா ஒரு கை பார்க்கிற பரீட்சை இல்லை. பத்தாம் வகுப்புத் தகுதி என்பதால் கூட்டம் அலைமோதுகிறது. 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுத்தால்தான் மீதியையே திருத்துவார்கள். மனமில்லாதவரைப் பிடித்துத் தள்ளி ஜெயிக்க வைக்க முடியாது. ஒரு வேளை அவரே ஒப்புக்கொண்டால், எத்தனை தடவை எழுதுவது, எந்த வயதோடு நிறுத்திக்கொள்வது என்று முதலிலேயே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று முப்பது தாண்டிய பிள்ளைகளை என் தெருவிலேயே பார்க்கிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால், ஆடிட்டர் ஆபீசில் ஜி.எஸ்.டி. ரிட்டர்னைத் தனியாகப் போடத் தெரியுமா என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவர் விளக்கிச் சொல்கிற அனுபவம் உங்கள் வீட்டில் இதுவரை நடந்திருக்காது என்பது என் ஊகம்.

கேள்வி: கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். ஆனால் என் சீனியர் ஒன்றும் சொல்லித்தர மாட்டேன் என்கிறார். எது கேட்டாலும் “போகப் போகத் தெரியும்” என்பதுதான் பதில்.
— வாசகர், பெருந்துறை

பதில்: எங்கள் மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற ஜாபர் ஒருவர் இருந்தார். நூல் ஏன் இந்த மெஷினில் மட்டும் இத்தனை தடவை அறுகிறது என்று மூன்று வாரம் கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே என் தலைக்கு மேலே பார்ப்பார். ஒரு நாள் வெறுத்துப்போய், “பஞ்சுதான் சரியில்லை போலிருக்கு, அப்படியே ரிப்போர்ட் எழுதிடறேன்” என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, நூல் ஓடுகிற சின்னக் கம்பி வளையம், டிராவலர், தேய்ந்திருப்பதை ஒவ்வொரு ஸ்பிண்டிலாகக் காட்டினார். அரை மணி நேரம் விடவே இல்லை. உங்கள் சீனியரிடம் கேட்பதை விட்டுவிட்டு, தப்பாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்.