கேள்வி பதில்: கோதாவரியின் ஓய்வுபெற்ற பாலம்

கேள்வி: ரயிலில் ராஜமுந்திரியைத் தாண்டும்போது பக்கத்திலேயே ஒரு பழைய இரும்புப் பாலம் காலியாக நிற்கிறதே, அது ஏன் சும்மா கிடக்கிறது?

பதில்: அதுதான் ஹேவ்லாக் பாலம். 1897-ல் வேலை தொடங்கி 1900 ஆகஸ்டில் ரயில் விட்டார்கள். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹேவ்லாக்கின் பெயரையே வைத்துவிட்டார்கள். கட்டிய பொறியாளர் கிரான்வில் வால்டன். 56 கண்கள் (கண் என்றால் இரண்டு தூணுக்கு நடுவே உள்ள இடைவெளி), ஒவ்வொன்றும் 45.7 மீட்டர், தூண்களையும் சேர்த்து மொத்தம் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கிலோமீட்டர். கோதாவரி அந்த இடத்தில் அவ்வளவு அகலம், என்ன செய்வது! சென்னை–கல்கத்தா வண்டியெல்லாம் ஒற்றைத் தண்டவாளத்தில் இதன் மேல்தான் போயின. 1974-ல் சாலையும் ரயிலும் சேர்ந்த பாலம் வந்தது. அப்புறம் 1997-ல் இதன் பக்கத்திலேயே வில் வில்லாக வளைந்த கான்கிரீட் பாலத்தைத் திறந்ததும் இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷ உழைப்பு. பாரமான இன்ஜின்களையும் வேகத்தையும் இனிமேலும் இதன் தலையில் கட்ட வேண்டாம் என்று விட்டது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

கேள்வி: அந்தக் காலத்து இரும்புப் பாலம் எதைப் பார்த்தாலும் முக்கோணம் முக்கோணமாக இருக்கிறதே, அழகுக்கா?

பதில்: அழகுக்கு இல்லை, சிக்கனத்துக்கு. நாலு குச்சியை மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்துச் சதுரமாக்கிப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி வையுங்கள், அசையாது, ஏனென்றால் இப்போது அது இரண்டு முக்கோணம். முக்கோணத்தின் பக்க நீளம் மாறாமல் அதன் உருவத்தை மாற்றவே முடியாது. அதனால் பாரம் ஏறும்போது ஒவ்வொரு கம்பியும் ஒன்று இழுபடும், இல்லை அமுங்கும், வளையவேண்டிய வேலை பெரும்பாலும் இருக்காது. வளைவைத் தாங்கத்தான் இரும்பு நிறைய செலவாகும். இப்படி முக்கோணங்களாகக் கோத்த இரும்பு உத்தரத்தைத்தான் ட்ரஸ் கர்டர் என்பார்கள், அதன் ரகசியம் இவ்வளவுதான்.

அடுத்த முறை ஒரு ட்ரஸ் பாலத்தைப் பார்த்தால் கம்பிகளின் பருமனைக் கவனியுங்கள். இரண்டு தூணுக்கு நடுவே நிற்கும் சாதாரண கண்ணில் மேல் விளிம்பு அமுங்கும், கீழ் விளிம்பு இழுபடும். அமுங்குகிற கம்பி மெலிந்திருந்தால் பக்கவாட்டில் பிதுங்கி மடங்கிவிடும், அதனால் அதைப் பெட்டி மாதிரி தடியாகச் செய்திருப்பார்கள். இழுபடுகிறதற்கு அந்தப் பயம் இல்லை, பட்டையாகவே விட்டிருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பாலத்திலும் பாரம் போகிற வழியைக் கண்ணாலேயே படித்துவிடலாம்.

கேள்வி: "வெள்ளைக்காரன் போட்ட இரும்பு துருப்பிடிக்காது" என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா?

பதில்: தாத்தாவிடம் சண்டை வேண்டாம், ஆனால் உண்மை இல்லை. துருப்பிடிக்காமல் இருந்ததற்குக் காரணம் கேங்மேன்கள் என்ற ரயில்வே பராமரிப்புத் தொழிலாளிகளும் பெயிண்ட் டப்பாவும். ரயில் ஓடுகிற வரைக்கும் ஆள் வந்து சுரண்டி, பெயிண்ட் அடித்து, சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் காலத்து இணைப்பெல்லாம் ரிவெட், செக்கச் செவேல் என்று காய்ச்சிய ஆணியை ஓட்டையில் விட்டு மறுபக்கம் தலை அடிப்பார்கள், ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் தட்டினால் இறுக்கமானது கம்மென்று இருக்கும், தளர்ந்தது விரலில் அதிரும். தளர்ந்ததைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு கோடும் வடிந்திருக்கும்.

ரயில் நின்றதும் இந்தத் தட்டிப் பார்ப்பதுதான் முதலில் நிற்கும். அப்புறம் தகடுகளுக்கு இடையே ஈரம் புகும், துரு உப்பித் தகட்டையே பிளக்கும், மூலையில் புறா எச்சம் குவிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். இன்னொன்று, கர்டர் வெயிலில் நீளும். 45 மீட்டர் கர்டர் 40 டிகிரி வித்தியாசத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளும், அதற்காகத்தான் ஒரு முனையை நகரும்படி பேரிங்கில், அதாவது தூண் தலைமேல் கர்டரைத் தாங்கும் இருக்கையில், உட்கார வைப்பது. அது மண்ணிலும் துருவிலும் இறுகிவிட்டால் தூண் தலையைத்தான் பிடித்துத் தள்ளும்.

மேலே பளபளப்பாக இருந்து அடியில் செத்துப்போன பாலமும் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கின்சுவா பாலத்தில் ஒழுங்கான ரயில் சேவை 1959-லேயே நின்றுவிட்டது. 2003 ஜூலையில் ஒரு சுழற்காற்று 20 கோபுரங்களில் 11-ஐச் சாய்த்தது. விசாரித்தால், கோபுரத்தை அஸ்திவாரத்தோடு பிடித்திருந்த பழைய போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்த நேரத்தில் இது நடந்ததுதான் கொடுமை.

கேள்வி: ரயிலையே தாங்கிய பாலம் மனிதர்களைத் தாங்காதா? நடைபாதை ஆக்கிவிட வேண்டியதுதானே?

பதில்: ஆக்கலாம், ஆக்கியும் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் நதியின் மேல் 1889-ல் திறந்த போகீப்சி ரயில் பாலம் 1974-ல் தீப்பிடித்ததோடு ரயிலுக்கு மூடப்பட்டது. முப்பத்தைந்து வருஷம் கழித்து, 2009-ல், நடைபாதையாகத் திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டர் நீளம், ஆற்றுக்கு மேலே சுமார் 65 மீட்டர் உயரம். ஆனால் ரயிலைத் தாங்கியது என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். புதிதாகப் போடுகிற தளத்தின் எடை, கைப்பிடி, திருவிழாக் கூட்டம் நெருக்கியடித்து நிற்பது எல்லாம் சேர்ந்தால் அதுவும் சின்னப் பாரம் இல்லை. அதோடு துருவால் மெலிந்த கம்பி பழைய கம்பி ஆகாது, அளந்து பார்த்துத்தான் கணக்கு போட வேண்டும்.

ஹேவ்லாக் பாலத்தைச் சுற்றுலா இடமாக்கும் பேச்சு பல வருஷமாக உண்டு, 2025-ல் அகண்ட கோதாவரி என்ற திட்டத்துக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். என்னைக் கேட்டால் வண்ண விளக்கு கடைசியில் வரட்டும். முதல் பணம் ரிவெட், பேரிங், பெயிண்ட், ஆற்றடியில் தூணைச் சுற்றி மண் அரித்திருக்கிறதா என்று தண்ணீரில் முங்கிப் பார்க்கிற ஆள், இதற்கெல்லாம் போகட்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு வருஷா வருஷம் பெயிண்ட் செலவு யார் தலையில் என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிட வேண்டும்.

கேள்வி: அதுவரை ஏறி ஒரு செல்ஃபி?

பதில்: கூடாது. கைவிட்ட பாலத்தில் உளுத்த கட்டை எது, உறுதியான கட்டை எது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. அடுத்த பாலத்து ரயிலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள், 56 கண்களையும் பக்கத்திலேயே எண்ணிக்கொண்டு போகலாம்.