சிப்பியை வைத்துக் கடல் மாசை அளக்கும் படிப்பு: உசிலம்பட்டித் தந்தை ஒருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

கடலையே காணாத ஊரிலிருந்து பெண்ணைச் சிப்பி பொறுக்கவா அனுப்புவது என்று தாங்கள் கேட்டிருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் இத்துறையில் கடற்கரைக்குப் போகும் நாட்கள் மிகக் குறைவு. மற்ற நாட்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்தில்தான் கழியும்.

சிப்பி, ஆளி, மட்டி ஆகியவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, கடல்நீரைச் செவுள் வழியாக வடிகட்டி உண்பவை. ஆகவே நீரில் கரைந்தும் துகள்களில் ஒட்டியும் வரும் ஈயம், காட்மியம், பாதரசம் போன்றவை அவற்றின் சதையில் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. காலையில் குடுவையில் மொண்ட நீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். முந்தைய வாரம் வந்து கலந்துபோன கழிவை அது காட்டிக்கொடுக்காது, சிப்பியின் சதை காட்டிக்கொடுக்கும். எட்வர்ட் கோல்ட்பெர்க் என்ற அறிவியலாளர் 1975-ல் முன்வைத்த இந்தக் கண்காணிப்பு முறையை, அமெரிக்க அரசு 1986 முதல் தன் கடற்கரைகளில் நடத்திவருகிறது. நமக்கு அருகே தூத்துக்குடியில் துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்காவும் அதே மன்னார் வளைகுடாவில்தான் இருக்கிறது என்பதால் இவ்வேலைக்கு இங்கே தேவை உண்டு.

ஒரே அளவுள்ள சிப்பிகளைத் தேர்ந்து, குடலில் உள்ள மண் நீங்கும்வரை சுத்தமான கடல்நீரில் வைத்து, சதையை உலர்த்திப் பொடியாக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதில் உள்ள உலோகத்தின் அளவைக் கருவியில் அளக்க வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் உடல் எடை மாறுவதால் அளவும் மாறும். துத்தநாகத்தை ஆளி தன் உடலில் ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும், நாம் உணவாகக் கொள்ளும் சிப்பி வகையோ ஏராளமாகச் சேர்த்துக்கொள்ளும் என்பதால், இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. இத்தகைய நுணுக்கத்தில் சலிப்படையாதவருக்கே இது ஏற்றது; டால்பின் படம் பார்த்து வந்த ஆசை முதல் பருவத்தேர்வோடு கரைந்துவிடும்.

எனவே இப்போதே கடல் உயிரியல் என்று பெயர் தாங்கிய பட்டத்தைத் தேட வேண்டாம் என்பது என் கருத்து. மதுரையிலேயே வேதியியலோ விலங்கியலோ மூன்றாண்டு படித்துவிட்டு, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக மையத்திலோ, அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்திலோ முதுநிலைக்குச் செல்லலாம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் நான்காண்டுப் பட்டம் மீன்வளத் துறைப் பணிகளுக்கு நேர்வழி. ஆனால் அதில் மீன் வளர்ப்புக்கே அதிக இடம்.

வேலை உறுதியா என்று கேட்டிருந்தீர்கள். உறுதி என்று சொன்னால் தங்களை ஏமாற்றுவதாகும். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையங்கள் போன்ற இடங்களில், தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஆய்வுத் திட்டம் முடிந்தால் முடிந்துவிடும் ஒப்பந்தப் பணிகளே. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். முனைவர் பட்டம் வரை வீட்டுக்குப் பாரமில்லை. ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும், அதே கருவியை இயக்கத் தெரிந்தவரைக் கடலுணவு ஏற்றுமதி ஆய்வகங்களும் குடிநீர், மருந்து, உணவுப் பரிசோதனைக் கூடங்களும் எடுத்துக்கொள்ளும். வேதியியல் அடித்தளத்தை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

தங்கள் மகளின் பிளஸ் டூ வேதியியல் மதிப்பெண்ணைத் தாங்கள் குறிப்பிடவில்லை. அதைவிட முக்கியமாக, செய்முறை வகுப்பில் அவர் விருப்பத்தோடு நிற்கிறாரா என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதை அதன்பின் முடிவு செய்வோம்.