5 ஹெர்ட்ஸில் தெரியும் திட்டு வாயுதானா?

கேள்வி: கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடல் நில அதிர்வுத் தரவு கையில் இருக்கிறது, கடல் ஆழம் சுமார் 1,000 மீட்டர், சாம்ப்ளிங் (அளவெடுக்கும் இடைவெளி) 2 மில்லி விநாடி. மார்லே வேவ்லெட் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் ஆற்றல் இருக்கிறது என்று காட்டும் குட்டி அலை) போட்டுப் பார்த்தால் பிஎஸ்ஆருக்கு (ஹைட்ரேட் அடுக்கின் அடிப்பகுதியிலிருந்து வரும் எதிரொலி) கீழே 5 ஹெர்ட்ஸ் பக்கம் ஆற்றல் குவிந்த பெரிய திட்டு ஒன்று தெரிகிறது. ஹைட்ரேட்டுக்கு (மீத்தேனை அடைத்து வைத்திருக்கும் பனி போன்ற படிவு) அடியில் வாயு இருக்கிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

இப்போதைக்கு எழுதாதீர்கள். அங்கே ஹைட்ரேட் இருப்பதில் சந்தேகமில்லை, 2006இல் ஜாய்ட்ஸ் ரெசல்யூஷன் கப்பல் துளையிட்டு எடுத்தே காட்டிவிட்டது. ஆனால் உங்கள் திட்டு அதன் அடியில் இருக்கும் வாயுவுக்குச் சாட்சியா என்பது வேறு கேள்வி.

மார்லேயில் பொதுவாக 6 என்று வைக்கும் அந்த மைய எண்ணை அதிர்வெண்ணோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 30 ஹெர்ட்ஸில் வேவ்லெட்டின் நேர அகலம் 0.03 விநாடிதான், 5 ஹெர்ட்ஸிலோ 0.19 விநாடி. பிஎஸ்ஆர் கடல் தரைக்குக் கீழே 160 மீட்டரில் இருந்தால் இரண்டுக்கும் இடைவெளியே ஏறத்தாழ 0.2 விநாடி, ஆக கடல் தரையின் பலமான எதிரொலி 5 ஹெர்ட்ஸில் கீழே வழிந்து பிஎஸ்ஆர் வரை வந்து நிற்கும், அதைத்தான் நீங்கள் வாயு என்று படிக்கிறீர்களோ என்பது என் பயம். வேவ்லெட்டை மாற்றினாலும் பெரிதாகத் தப்பிக்க முடியாது, 5 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 0.2 விநாடி ஆயிற்றே. ஏர்கன் (கடலில் அழுத்தக் காற்றை வெடிக்கவிட்டு அதிர்வு உண்டாக்கும் கருவி) விடும் குமிழியின் வாலும் அதே இடத்தில்தான் வந்து விழும்.

அப்புறம் ஸ்வெல் இரைச்சல், அதாவது கடலின் நீண்ட அலைகள் கிளப்பும் இரைச்சல். இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு: கடல் தரைக்கு மேலே பாருங்கள். 1,000 மீட்டர் ஆழம் என்றால் கடல் தரை 1.33 விநாடியில் வரும். ஏர்கனுக்குப் பக்கத்துச் சேனல்களில் (ஒவ்வொரு பதிவுக் கருவியின் பதிவும் ஒரு சேனல்), ஏர்கனிலிருந்து நேராக வரும் அலை கடந்த பிறகு, 0.5 முதல் 0.9 விநாடி வரை வெறும் தண்ணீர்தான். அங்கேயும் 5 ஹெர்ட்ஸ் திட்டு இருந்தால் அது பூமியிலிருந்து வந்ததல்ல. அடுத்தடுத்த ஷாட்டுகளையும் (ஏர்கனின் ஒவ்வொரு வெடிப்பும் ஒரு ஷாட்) ஒப்பிடுங்கள்: பாறை ஒவ்வொரு ஷாட்டிலும் அதே இடத்தில் பதில் சொல்லும், ஸ்வெல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் ஏஜிசி (பலவீனமான பகுதிகளைத் தானாகத் தூக்கிச் சமன் செய்யும் முறை) போடாத ஷாட் தரவில் செய்யுங்கள், ஏஜிசி போட்டுவிட்டால் ஆற்றலை ஒப்பிடுவதற்கே அர்த்தமில்லை.

இரைச்சலை நீக்க, சிக்னலை அதிர்வெண் மட்டங்களாகப் பிரிக்கும் சாதாரண டிஸ்கிரீட் வேவ்லெட்டை விட ஸ்டேஷனரி வகைதான் நான் சொல்வது. முன்னதில் சிக்னல் ஒரு சாம்பிள் நகர்ந்தாலே குணகங்கள் (ஒவ்வொரு மட்டத்திலும் கிடைக்கும் எண்கள்) மாறிவிடும். உங்கள் சாம்ப்ளிங்குக்கு 8–16 ஹெர்ட்ஸ் ஐந்தாவது மட்டத்திலும் 4–8 ஆறாவதிலும் வரும். அந்த மட்டங்களைப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள், நல்ல சிக்னலும் அங்கே இருக்கிறது. பக்கத்துச் சேனல்களின் மீடியனை விடப் பல மடங்கு எகிறும் குணகத்தை மட்டும் அந்த அளவுக்குக் குறையுங்கள்.

சரி, வாயுவை எங்கே தேடுவது? 40–60 ஹெர்ட்ஸில், வாயு உயர் அதிர்வெண்களைத்தான் அதிகம் விழுங்கும். பிஎஸ்ஆருக்கு மேலும் கீழும் அந்த ஆற்றல் எப்படி விழுகிறது என்று பாருங்கள், பிஎஸ்ஆர் இல்லாத பக்கத்து இடத்தில் அதே ஆழத்தில் எவ்வளவு விழுகிறது என்றும் பாருங்கள். பிஎஸ்ஆருக்கு அடியில் மட்டும் சட்டென்று விழுந்து, பிஎஸ்ஆரின் துருவமும் (அலை முதலில் மேலே எழுகிறதா கீழே இறங்குகிறதா என்பது) கடல் தரைக்கு எதிர்மாறாக இருந்தால், அப்போது வாயு என்று எழுதுங்கள். 5 ஹெர்ட்ஸ் படத்தைப் பின்னிணைப்பில் வைத்தால் போதும்.