தாத்தாவின் தாத்தாவைத் தேட 25,000 ரூபாயா?

பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "நாங்கள் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். தாத்தாவின் தாத்தா 1832-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், ஸ்வாஃபம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். ரயில்வே வேலைக்கு மெட்ராஸ் வந்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழ், வம்சாவளி, குலச்சின்னம் மூன்றும் வாங்கித் தர ஏஜென்ட் ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837 ஜூலை 1-இல்தான். 1832-க்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? குலச்சின்னமும் அப்படித்தான். தனி ஒருவருக்குக் கொடுத்தது அவர் வாரிசுகளுக்குப் போகுமே தவிர, குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கிற எல்லோருக்கும் உரியதல்ல. இங்கிலாந்தில் குலச்சின்னம் வழங்கும் அமைப்பான காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைத் தெளிவாகவே சொல்கிறது. அப்படியும் ஃபிரேம் போட்டு விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவு. 1813-லிருந்து அச்சிட்ட படிவம் என்பதால் பெற்றோர் பெயர், ஊர், தகப்பனார் தொழில் எல்லாம் அதில் இருக்கும். ஃப்ரீரெக், ஃபேமிலிசர்ச் என்ற இரண்டு இணையதளங்களிலும் இலவசமாகத் தேடலாம்.

ஆனால் முதலில் அவருடைய அப்பா பெயரைக் கண்டுபிடியுங்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். மெட்ராஸில் கல்யாணம் செய்திருந்தால் சர்ச் பதிவின் நகல் லண்டனுக்குப் போயிருக்கும். அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மாப்பிள்ளையின் அப்பா பெயர் பெரும்பாலும் அதில் கிடைக்கும். அப்புறம் ஒன்று: ஞானஸ்நானம் கிடைத்ததும் அதே ஊரின் அடக்கப் பதிவையும் பாருங்கள். அந்தக் குழந்தை இரண்டு வயதில் இறந்திருந்தால் அது மெட்ராஸுக்கு வந்தவர் இல்லை. இதைப் பார்க்காமல் ஒருவர் போட்ட வம்சாவளியை இன்னொருவர் நகலெடுத்து, நூறு குடும்பங்கள் செத்த குழந்தையைத் தாத்தா என்கின்றன.

ஊர் சர்ச் பதிவேட்டில் பெயரே இல்லையா? சாப்பல் குடும்பமாக, அதாவது இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையைச் சேராத சபைக் குடும்பமாக இருக்கலாம். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளின் பதிவேடுகள் தனி. 1837-க்குப் பின் அரசு திரட்டியவை லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் கிராமத்தின் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம்; சாப்பல் பக்கத்து டவுனில் இருந்திருக்கும். ஆனால் 1754 முதல் 1837 வரை, குவேக்கர்கள், யூதர்கள் தவிர மற்றவர்களுக்குச் சட்டப்படி கல்யாணம் அரசுத் திருச்சபையின் சர்ச்சில்தான் நடக்க வேண்டும். அதனால் பிள்ளையின் ஞானஸ்நானம் (பாப்டிஸ்ட் என்றால் பிறப்பு) சாப்பல் பதிவிலும், பெற்றோரின் கல்யாணம் சர்ச் பதிவிலும் இருக்கும். அப்பா பெயர் கையில் இருந்தால் இரண்டையும் சேர்த்துவிடலாம். பிறந்த ஊரை 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சரிபாருங்கள். 1841 கணக்கெடுப்பில் மாவட்டத்துக்குள் பிறந்தவரா என்பது மட்டும்தான் இருக்கும்.

இத்தனை பதிவேடுகளையும் மக்கள் வரிப்பணத்தில் காப்பாற்றிவிட்டு, பக்கங்களின் படங்களை மாவட்டத்துக்கு ஒரு கம்பெனியிடம் கொடுத்துச் சந்தா கேட்க வைத்திருப்பது எனக்குத் தாங்கவில்லை. தன்னார்வலர்கள் கண் வலிக்க எழுத்துக்கூட்டிப் படித்துப் பதிவேற்றியதால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வழி இருக்கிறது.

ஏஜென்ட்டுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், தட்டச்சு செய்த வம்சாவளியை வாங்கிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள்.