சேப்பல் ஹில்லும் வெளிமாநில விண்ணப்பமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடியில் 1600க்கு 1530, கல்லூரித் தரத்தில் எட்டு ஏபி பாடங்கள். நார்த் கேரோலினாவின் சேப்பல் ஹில் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதை விட்டால் கலிஃபோர்னியாவின் பெர்க்லி. அதே நார்த் கேரோலினாவில், கேரியில் இருக்கும் என் தங்கை மகனுக்கு 1390தான். போன வருஷம் அவனுக்கு சேப்பல் ஹில்லில் இடம் கிடைத்தது. இவளுக்குக் கிடைப்பது கஷ்டம் என்கிறார் பள்ளிக் கவுன்சிலர். கிண்டியில் மார்க்கை நம்பிப் படித்து வந்தவன் நான். இது என்ன நியாயம்? தங்கை வீட்டில் மகளை ஒரு வருஷம் தங்கவைத்தால் இன்-ஸ்டேட், அதாவது அந்த மாநிலத்துப் பிள்ளை, ஆகிவிடாதா?

எஸ்., எடிசன்

அன்புள்ள எஸ்.,

கவுன்சிலர் சொன்னது சரிதான். முதலாண்டு சேர்க்கையில் வெளிமாநிலத்தார் 18 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று நார்த் கேரோலினாவின் பல்கலைக்கழக ஆளுநர் குழு 1986இல் விதி போட்டது. விண்ணப்பம் போடுகிறவர்களிலோ வெளிமாநிலத்தார்தான் அதிகம். சமீப வருஷங்களில் உள்ளூர்ப் பிள்ளைகளில் பத்துக்கு நாலு பேர் அளவில் இடம் வாங்குகிறார்கள். வெளியிலிருந்து போடுகிறவர்களில் பத்துக்கு ஒருவர் தேறுவதே அரிது. உங்கள் மகளும் தங்கை மகனும் ஒரே வரிசையில் நிற்கவில்லை. அந்த 1390ஐயும் இந்த 1530ஐயும் ஒப்பிட்டுப் பேசுவதை வீட்டில் இன்றோடு நிறுத்திவிடுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் அது நல்லதல்ல.

நியாயமா என்றால், நியாயம் என்றுதான் நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பயன் கூடுமானவரை செலவில்லாமல் மாநில மக்களுக்குப் போய்ச்சேர வேண்டும் என்று நார்த் கேரோலினாவின் அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. 1795இலிருந்து அந்த மக்கள் தாங்கி வளர்த்த இடம் அது. நீங்கள் கிண்டியில் சேர்ந்தபோது தாலுகா ஆபீஸில் நேட்டிவிட்டி சான்றிதழுக்கு நின்றிருப்பீர்கள். உங்களைவிட நல்ல மார்க் வாங்கிய நெல்லூர்ப் பையன் அந்த வரிசையில் நின்றிருக்க முடியாது. அன்று அது உங்களுக்கு அநியாயமாகப் பட்டிருக்காது.

எல்லா மாநிலமும் ஒன்றுபோல் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியாட்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பத்தில் ஒன்பது இடம் டெக்சாஸ் பிள்ளைகளுக்கு. கலிஃபோர்னியா 2021இல் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ ஆகிய மூன்று அரசுப் பல்கலைக்கழக வளாகங்களிலும் வெளிமாநிலத்தாரைப் படிப்படியாக 18 சதவீதத்துக்கு இறக்க முடிவெடுத்தது. ஆக, பல்கலைக்கழகத்தின் ராங்க்கைப் பார்ப்பதற்கு முன் அந்த மாநிலத்தின் கணக்கைப் பாருங்கள்.

தங்கை வீட்டு யோசனை நடக்காது. பெற்றோரை அண்டியிருக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்களோ அதுதான் மாநிலம். பன்னிரண்டு மாதம் ஆனாலும், படிக்க வந்து தங்கியதைக் குடியேறியதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியையும் தோழிகளையும் விட்டுப் போவதுதான் மிச்சமாகும்.

இனி, நீங்கள் கேட்காத விஷயம்: பணம். சேப்பல் ஹில்லில் உள்ளூர் மாணவருக்கு ஃபீஸ் வருஷத்துக்கு 9 ஆயிரம் டாலர் அளவில் வரும். வெளிமாநிலத்தாருக்கு 40 ஆயிரத்தைத் தாண்டும். தங்குவது, சாப்பாடு தனி. வெளிமாநிலத்தாருக்கும் 'தேவை' (குடும்பத்தால் கட்ட முடியாத மீதித் தொகை) முழுவதையும் ஈடுகட்டுவோம் என்று சொல்லும் மிகச் சில அரசுப் பல்கலைக்கழகங்களில் சேப்பல் ஹில் ஒன்று, வர்ஜீனியா இன்னொன்று. பெர்க்லி அப்படி இல்லை. வெளிமாநிலத்தார் என்பதற்காக மட்டும் வருஷத்துக்கு 35 ஆயிரம் டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும், குடும்ப வசதியைப் பார்த்துப் பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து தரும் உதவித்தொகையும் கிடையாது.

ஆனால் அந்தத் 'தேவை' எவ்வளவு என்பதை அவர்களுடைய ஃபார்முலாதான் முடிவு செய்யும். நம் வீடுகள் பலவற்றில் இரண்டு சம்பளம். காகிதத்தில் நாம் வசதியானவர்கள். ஊரில் அப்பா அம்மாவின் மருத்துவச் செலவு, தம்பி கல்யாணத்துக்கு வாங்கிய கடன், மாதாமாதம் அனுப்பும் பணம், இதையெல்லாம் அந்தக் கணக்கு பெரும்பாலும் கண்டுகொள்ளாது. உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இணையதளத்தில் வைத்திருக்கிறது. போன வருஷத்து டாக்ஸ் ரிட்டர்னை எடுத்துவைத்துக்கொண்டு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுப் பாருங்கள். வருகிற தொகையை நாலால் பெருக்குங்கள். அதைவிடக் கொஞ்சம் கூடவே ஆகும், ஃபீஸ் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. எவ்வளவு நம்மால் முடியும், எவ்வளவு லோன், எதற்கு மேல் முடியாது என்பதை அவளிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு எதற்குப் பணக்கவலை என்று மறைத்துவிட்டு, இடம் கிடைத்த பிறகு ஏப்ரலில் "முடியாதும்மா" என்று சொல்லும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இடம் கிடைக்காததைப் பிள்ளைகள் சில மாதத்தில் மறந்துவிடுகிறார்கள். இதை மறப்பதில்லை.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். 1530ஐ 1560 ஆக்க இன்னொரு முறை எஸ்ஏடி எழுதவைக்காதீர்கள். வெளிமாநில வரிசையில் அந்த மதிப்பெண் உள்ளவர்கள் நிறைய, முப்பது கூடியதால் தனித்துத் தெரியப்போவதில்லை. பெர்க்லி எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. அங்கே ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி) கணக்கும் வேறு: வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு ஏபி, அதுபோன்ற ஐபி பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி உண்டு, பள்ளியே 'ஹானர்ஸ்' என்று பெயரிட்ட பாடங்களுக்குக் கிடையாது. குறைந்தபட்ச ஜிபிஏ உள்ளூருக்கு 3.0, வெளியாருக்கு 3.4. சிபாரிசுக் கடிதம் பொதுவாகக் கேட்பதில்லை. எட்டுக் கேள்விகளில் நாலுக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள் பதில் எழுத வேண்டும். அவள் குரல் கேட்க வேண்டிய இடம் அதுதான். கோடை விடுமுறையை அதற்குக் கொடுக்கட்டும். நீங்கள் திருத்த உட்காராதீர்கள்.

கடிதத்தில் உங்கள் நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் பெயரையே காணோம். வீட்டுக்குப் பக்கத்தில், இன்-ஸ்டேட் ஃபீஸில், ஆராய்ச்சியில் பெயர்பெற்ற பல்கலைக்கழகம். அதைக் கிடைக்காவிட்டால் போகிற இடமாகப் பேசிவைத்தால், நாளை அங்கே சேரும்போது தோற்றுவிட்டதாகவே அவள் நினைப்பாள். சேப்பல் ஹில்லுக்குப் போடும் அதே அக்கறையோடு அதற்கும் போடட்டும்.

கடைசியாக ஒன்று. உங்களுக்கு க்ரீன் கார்டு இருக்கிறதா என்று எழுதவில்லை. மகள் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருந்தால் அமெரிக்க அரசின் ஃபெடரல் உதவி கிடையாது. நான் மேலே சொன்ன 'தேவை முழுவதும்' என்ற உறுதியும் பொருந்தாது. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், படிப்பின் நடுவிலேயே மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டி வரலாம். அப்படியென்றால் கல்லூரிப் பட்டியலையே வேறு மாதிரி போட வேண்டும். எந்த விசா என்று எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

அன்புடன்