இறுகிய பாறையும் பழைய வெடிப்புகளும்: கேள்வி பதில்

மாணவி, வெள்ளவத்தை: அண்ணா, நான் மொரட்டுவையில் புவிவளப் பொறியியல் இறுதியாண்டு. வாயு எடுப்பதற்காக இறுகிய பாறையை நீரமுக்கத்தால் பிளப்பது பற்றி, பிளவின் அளவைக் கணிக்கும் பி.கே.என். (பெர்க்கின்ஸ்-கேர்ன்-நோர்ட்கிரென்) மொடலை வைத்துச் செயற்திட்டம் செய்கிறேன். இயற்கை வெடிப்புகள் நிறைந்த பாறைக்கு அது போதுமா?

கை பழகப் போதும், தங்கச்சி. பெர்க்கின்ஸும் கேர்னும் 1961இல் போட்ட கணக்கு அது. 1972இல் நோர்ட்கிரென், பிளவிலிருந்து திரவம் பாறைக்குள் கசிவதையும் அதில் சேர்த்தார். உயரம் மாறாத ஒற்றைப் பிளவு நேராக ஓடும் என்பது அதன் எடுகோள். உங்கள் பாறையிலோ வழியில் பழைய வெடிப்பு குறுக்கே நிற்கும். அந்தச் சந்தியில்தான் சிக்கலே.

கிடைத் தகைப்புகள், அதாவது பாறையைப் பக்கவாட்டில் இரு திசைகளில் நெரிக்கும் அழுத்தங்கள், இரண்டுக்கும் இடையே வித்தியாசம் பெரிது, சந்திக்கும் கோணமும் செங்கோணத்துக்குக் கிட்ட என்றால் புதிய பிளவு பெரும்பாலும் வெட்டிக்கொண்டு போகும். வித்தியாசம் சிறிது, கோணமும் குறைவு என்றால் பழைய வெடிப்புக்குள் திரும்பிவிடும். வெடிப்பின் உராய்வையும், உள்ளே கல்சைற் என்ற கனிமம் படிந்து ஒட்டியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். புதிய பிளவு எப்போது வெட்டிக்கொண்டு போகும் என்பதற்கு, செங்கோணச் சந்திப்பில், ரென்ஷாவும் பொலார்டும் 1995இல் ஒரு நிபந்தனை தந்தார்கள். பின்வந்தவர்கள் அதை மற்றக் கோணங்களுக்கும் நீட்டினார்கள். ஒரே ஒரு சந்திப்புக்கு இதைச் சோதிக்கும் சிறிய நிரலை எழுதுங்கள். அது சரிவந்த பிறகு நூறு வெடிப்புகளைப் போடலாம். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, பிழை எங்கே என்று தேடி அலைகிறார்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் வாயு தானாக வரவேண்டியதுதானே? மறுபடி ஏன் பிளக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. இறுகிய பாறை என்றால் வாயுவை ஊடுபுகவிடும் தன்மை மிகக் குறைவு: அதை அளக்கும் அலகில் 0.1 மில்லிடார்சிக்கும் கீழே. வெடிப்புகள் இருந்தாலும் பல மூடிக் கிடக்கும், அல்லது கிணற்றோடு தொடர்பில்லாமல் நிற்கும். வெடிப்பினூடான பாய்ச்சல் அதன் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும்: அகலம் பாதியானால் பாய்ச்சல் எட்டிலொன்று. வாயுவை எடுக்க எடுக்க உள்ளமுக்கம் குறைந்து வெடிப்பு ஒடுங்கும். அது மூடாமல் தாங்கத்தான் பிளக்கும் திரவத்தோடு மணலைச் சேர்த்து அனுப்புகிறோம். ஆனால் ஒடுங்கிய கிளை வெடிப்புகளுக்குள் மணல் லேசில் நுழையாது. ஆகவே மொடலில் பிளந்ததாகத் தெரியும் பாறை முழுவதும் வாயு தரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

வேறொருவர்: மன்னாரில் இது சரிவருமா?

2011இல் டொராடோ, பராகுடா கிணறுகளில் வாயு கண்டது ஆழ்கடலில். இறுகிய பாறை என்றால் கிணறுகளை அடுத்தடுத்துப் பல தோண்டவேண்டும். அவ்வளவு ஆழத்தில் அதைச் செய்தால் செலவு கட்டாது.

மென்பொருள் துறை, தெஹிவளை: வெடிப்பு வலையமைப்பை எங்கள் மென்பொருள் அழகான வண்ணப் படமாகத் தருகிறது. எவ்வளவு நம்பலாம் ஐயா?

படத்தை ரசியுங்கள், தம்பி. கிணற்றுச் சுவரைப் படமெடுக்கும் கருவிக்கு, கிணற்றை வெட்டுகிற வெடிப்புகள் மட்டுமே தெரியும். அவை எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்பது புள்ளிவிபர ஊகம். எனவே ஒரே தரவிலிருந்து பல வலையமைப்புகளை உருவாக்கி, எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். விடைகள் பரந்து கிடந்தால் அந்தப் பரவலையே அறிக்கையில் எழுதுங்கள், சராசரியை மட்டும் எழுதாதீர்கள். பிரதான வேலைக்கு முன் சிறிதளவு திரவத்தைச் செலுத்தி, பம்பை நிறுத்தி, அமுக்கம் இறங்குவதைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அமுக்கம் கூடியிருக்கும்போது கசிவு வழமைக்கு மேல் போனால் பழைய வெடிப்புகள் திறக்கின்றன என்று எடுக்கலாம். அப்புறம், நுண்ணதிர்வுப் புள்ளிகளோடு (பிளக்கும்போது பாறையில் எழும் சிறு அதிர்வுகள் பதிவான இடங்கள்) படம் பொருந்துகிறது என்று யாராவது சொன்னால், பாறை எங்கே வழுக்கியது என்பதைத்தான் அந்தப் புள்ளிகள் காட்டும் என்று சொல்லுங்கள். மணல் அங்கே போய்ச் சேர்ந்ததா என்பது அதில் வராது.