டெமோவை விட்டு விலைப் பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் சிறிய நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்களோடு சாட் செய்ய ஒரு மென்பொருள் வாங்கலாம் என்று நாலைந்து டெமோ பார்த்தேன். ஒருவர் விற்பனை கூடும் என்கிறார், இன்னொருவர் சப்போர்ட் செலவு குறையும் என்கிறார், மற்றவர் ஏஐ ஏஜென்ட்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறார். எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரிகிறது. எதை நம்புவது?

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. வெப்சைட் மூலையில் ஒரு சாட் பெட்டி, ஈமெயிலும் வாட்ஸ்அப்பும் வந்து சேரும் ஒரு பொது இன்பாக்ஸ், அதற்கு மேல் தானாகப் பதில் சொல்லும் ஒரு சாட்பாட் (ஏஐ ஏஜென்ட் என்று அவர்கள் சொல்வதும் இந்த வகைதான்), பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் எந்தப் பிரிவின் பட்ஜெட்டிலிருந்து பணம் வரப்போகிறதோ, அதற்குத் தகுந்த மாதிரி இதன் பெயர் மாறும். 2007-இல் தொடங்கிய சென்டெஸ்க் என்ற நிறுவனம், வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு 'டிக்கெட்' ஆகப் பதிந்து முடியும்வரை பின்தொடரலாம் என்று சொல்லி சப்போர்ட் மேலாளர்களிடம் போனது. 2011-இல் வந்த இன்டர்காம், வாடிக்கையாளரிடம் மனிதர் மாதிரி நேரடியாகப் பேசுங்கள் என்றது. ட்ரிஃப்ட் 2015-இல் தொடங்கி, படிவத்தை நிரப்பச் சொல்லிக் காக்க வைப்பானேன், வந்தவரோடு அப்போதே பேசி விற்றுவிடலாமே என்று 'உரையாடல் மார்க்கெட்டிங்' என்ற பெயரில் விற்பனைப் பிரிவுகளைப் பிடித்தது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு பக்கத்தைக் காட்டினார்கள்.

அதனால் டெமோவை விட விலைப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள் என்பது முக்கியம். ஊழியர் தலைக்கு இவ்வளவு என்றால், அவசரத்துக்கு இன்னும் இரண்டு பேரை உள்ளே விடவே யோசிப்பீர்கள். தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களின் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்றால், என்றோ ஒருநாள் எட்டிப் பார்த்தவரும் பில்லில் ஏறலாம். இன்டர்காம் 2023-இல் கொண்டுவந்த ஃபின் என்ற ஏஐ ஏஜென்ட்டுக்கு, தீர்த்து வைத்த ஒவ்வொரு கேள்விக்கும் 99 சென்ட் என்று விலை வைத்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் 'தீர்ந்தது' என்றால் என்ன? பதிலைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போனவரும் அந்தக் கணக்கில் சேர்வார். திருப்தியாகப் போனாரா, வெறுத்துப் போய்ப் போனாரா என்று அந்த எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதை விற்க வருபவரிடம் நேராகவே கேளுங்கள்.

வாட்ஸ்அப் வேண்டுமென்றால் அதன் உரிமையாளரான மெட்டாவின் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டெம்ப்ளேட் மெசேஜ்களுக்கு, அதாவது மெட்டாவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி அனுப்பும் மெசேஜ்களுக்கு, 2025 ஜூலையிலிருந்து பெரும்பாலும் மெசேஜ் கணக்கில் காசு. வாடிக்கையாளர் எழுதி 24 மணி நேரத்துக்குள் நீங்கள் தரும் சாதாரணப் பதிலுக்கு மெட்டா எதுவும் வாங்குவதில்லை.

அப்புறம் அந்த 'எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்' பேச்சு. ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்கு, உறவினர் இறந்ததால் பயணம் செய்பவர்களுக்கான கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற வாதத்தை 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் ஏற்கவில்லை, நிறுவனம் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் பெயரில் அது சொல்வதெல்லாம் நீங்கள் சொன்னதுதான்.

உங்களுக்கு வந்த கடைசி நூறு மெசேஜ்களை எடுத்து வையுங்கள். சோதனைக் காலத்திலேயே அவற்றை அந்த ஏஜென்ட்டிடம் கேட்டு, வரும் பதில்களை வாடிக்கையாளர்களோடு தினமும் பேசும் உங்கள் ஊழியரைத் திருத்தச் சொல்லுங்கள்.